எழும்பாத கேக்

பத்து வயதிலேயே எங்கள் வீட்டில் என் சாட்சிக்கு மதிப்பிருந்தது. ஞானோபதேச வகுப்பில் முதற்பரிசு பெற்றவன் நான். பொய் சொல்லாத பிள்ளை என்று பங்குக் குருவே பூசை முடிந்து பலர் கேட்கச் சொன்னதுண்டு. மொரப்பூரை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு சிறுவனுக்கு அதைவிடப் பெரிய பதவி இல்லை. அது ஒரு கேக்கினால் பறிபோயிற்று.

சித்தி அந்த ஆண்டுதான் சித்தப்பாவை மணந்து பெங்களூரிலிருந்து மருமகளாக வந்திருந்தார். அவர் தகப்பனார் பேக்கரி நடத்தியவர். எங்கள் அடுப்படியிலோ என் தந்தையின் அக்காவான அத்தையின் ஆட்சி; சித்திக்கு வெங்காயம் உரிக்கும் வேலை மட்டுமே வாய்த்தது. கிறிஸ்துமஸ் கேக்கைத் தருமபுரியில் வாங்க வேண்டாம், தானே சுடுவதாகக் கேட்டு அனுமதி பெற்றார். அது எழும்பினால்தான் அவ்வீட்டில் அவர் சொல்லும் எடுபடும்.

அண்டாவில் மணல் கொட்டிச் சூடேற்றியாயிற்று. பண்டிகைப் பண்டம் எதுவும் குடும்பத்தின் மூத்தவர் ஜெபிக்காமல் அடுப்பேறாது என்பது எங்கள் வழக்கம். பெரியப்பா வாசலில் செருப்பைக் கழற்றியதைப் பார்த்த பிறகே சித்தி தயிரில் ஆப்பசோடாவைக் கரைத்தார். அது நுரைத்துப் பொங்கியதை அருகில் நின்று கண்டேன். அதை மாவில் ஊற்றிக் கலந்தார். பெரியப்பாவின் ஜெபம் எப்போதும் சுருக்கமானது.

அன்று சுருங்கவில்லை. அந்த மழைக்காலத்தில்தான் பெரியம்மாவை அடக்கம் செய்திருந்தோம். அவர் பெயர் வந்த இடத்தில் பெரியப்பாவின் குரல் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். மாவில் குமிழ்கள் மேலெழுந்து உடைந்துகொண்டிருந்தன. சித்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெந்து வந்ததைக் கண்டு அத்தை கன்னத்தில் கை வைத்தார்.

"பேக்கரிக்காரரு வூட்டுப் பொண்ணுன்னாங்க. ராகிக் களியத் தட்டி வெச்சாப்ல இருக்குது! சோடா போட்டியா இல்லியாம்மா?"

"போட்டாங்க அத்தை, நான் பாத்தேன். தயிர்ல பொங்குச்சு."

"பொங்குனது எங்கடா போச்சு? மொரப்பூர்ல ரயிலேறிடுச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் ஜெபத்த இழுத்துட்டனே, அதனாலயாம்மா?"

"அய்யோ, இல்லீங்க மாமா. நாந்தான் சோடா போட மறந்துட்டேனுங்க."

நொடியில் நான் பொய்யனானேன். ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை சித்தியோடு பேசவில்லை. அவர் வெங்காயத்துக்கே திரும்பினார். மறு ஆண்டு முதல் கேக் தருமபுரியிலிருந்து வந்தது.

பின்னர் சேலத்தில் வேதியியல் படித்தேன். தயிரின் புளிப்புப் பட்டதுமே சோடா வாயுவை விடத் தொடங்கும். உடனே சூட்டில் வைத்தால் அவ்வாயு மாவுக்குள் அகப்பட்டு அதைத் தூக்கும். காக்க வைத்தால் வெளியேறிவிடும். பேக்கரியில் வளர்ந்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் ஜெபம் நீண்டுவிட்டது என்று சொல்வது, மனைவியை இழந்தவரிடம் நீங்கள் அழுதது அதிகம் என்று சொல்வதாகும். பத்து வயதில் எனக்கு என் பெயர் கெட்டது மட்டுமே தெரிந்தது.

பெரியப்பாவும் இப்போது இல்லை, ஆகவே எழுதலாம். சித்தி சோடா போட மறந்த கதையை எங்கள் குடும்பக் கல்யாணங்களில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் மறக்கவில்லை.