கத்தரி எடுத்த படம்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘கத்தரி’ என்று பெயர். யார் எவ்வளவு நீட்டி முழக்கி அறிக்கை எழுதி வந்தாலும் அரைப் பக்கமாக நறுக்கிவிடுவாள். அவள் ஒருநாள் வராவிட்டால் மேலாளருக்குக் கை ஒடிந்த மாதிரி.

ஆண்டு விழாவை வீடியோ எடுக்கும் பொறுப்பு ஒருமுறை அவள் தலையில் விழுந்தது. மேடையை விட்டுவிட்டு, பின்னால் மேசைகளை நகர்த்தியவர்களையே எடுத்துத் தள்ளியிருந்தாள். அன்று பிடித்த கிறுக்கு விடவே இல்லை. கடைசியில் வேலையை விடுவதாக மேலாளரிடம் சொன்னாள்.

“படம் எடுக்கவா? நல்லாத்தானே இருந்தீங்க!” என்றார் அவர். பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “சரி, ஆசை தீர எடுங்க” என்றார்.

நர்ஸாக இருந்த தங்கையின் மருத்துவமனைச் சலவைக்கூடத்தைப் பற்றியதுதான் முதல் படம். தங்கை முழுவதையும் பார்த்தாள்.

“கோவிச்சுக்காதேக்கா. ஆளாளுக்குப் பேசிக்கிட்டே இருக்காங்க. மூச்சு விடக்கூட யாரையும் விடலையே நீ.”

கத்தரிக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகு, தான் வெட்டி எறிந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தாள். தங்கை சொன்னது சரிதான்; ஆட்கள் பேசாமல் நின்ற இடமெல்லாம் அதில்தான் கிடந்தது.

அந்தச் சமயத்தில் பழைய அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறியது. காலி செய்வதை எடுக்க அனுமதி கேட்டாள், மேலாளர் மறுக்கவில்லை. கேமரா முன் நிறுவனத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். பேசி முடித்துவிட்டு, வெறிச்சோடிய அறையில் ஜன்னலோரம் போய் நின்றார். அவள் கேமராவை நிறுத்தவில்லை.

ஒரு நூலகத்தின் சின்ன அரங்கில் படத்தைத் திரையிட்டபோது அவர் மனைவியோடு வந்திருந்தார். திரையில் அவர் நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

“வீட்லயும் இப்படித்தான்” என்று மனைவி சொல்ல, பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

படம் முடிந்ததும் மேலாளர் அவளிடம் வந்தார். “அவ்வளவு பேசினேனே, ஒண்ணுகூடக் காணோமே?”

“வெட்டிட்டேன், சார்.”

சிரித்தார். அப்புறம் குரல் இறங்கியது. “எங்கம்மா தவறிட்டாங்கன்னு போன் வந்தப்ப அந்த ஜன்னல்கிட்டதான் நின்னேன். உங்களுக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலை, சார். நீங்க நின்னது பிடிச்சிருந்தது, அவ்வளவுதான்.”

அவர் தலையசைத்துவிட்டு மனைவியோடு வெளியேறினார்.

அந்தப் படம் பல ஊர் சுற்றியது. பார்த்தவர்களில் ஓர் ஆசிரியை தன் பள்ளியைப் படமெடுக்க அழைத்தாள். பெரிய பேர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குப் பிறகு கத்தரி வேலையில்லாமல் உட்கார்ந்ததில்லை.