கரி பஸ்ஸை நிறுத்திய பூநாரைகள்

ஒரு வாரம் லீவு போட்டு ஏரி, காடு, கடற்கரை என்று பறவை பார்த்துவிட்டு, இன்று எண்ணூரில் பஸ் ஏறினேன். யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ். நின்றால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும்.

என் கழுத்தில் பைனாகுலரைப் பார்த்த கண்டக்டர், "இன்னா நைனா, எத்தினி கொக்கு அட்ச்ச?" என்றார்.

"அடிக்கல. பாத்துட்டு மட்டும் வரேன்."

"பாக்கறதுக்கா லீவு?"

பஸ்ஸே சிரித்தது.

எர்ணாவூர் தாண்டியதும் உப்பங்கழியிலிருந்து பூநாரைகள் கூட்டமாக எழுந்தன. பாதி வானம் ரோஜா நிறம்!

டிரைவர் தானாகவே பஸ்ஸை நிறுத்தினார். எல்லோரும் இறங்கினோம். மீன்கூடைக்கார அம்மா என் பைனாகுலரைப் பிடுங்கிக்கொண்டார். "ஐயே, இன்னா சோக்கா கீது!"

"எம்மா, அடுத்து நானு!" என்று கை நீட்டியவர், அதே கண்டக்டர்.

வெற்றியோடு ராயபுரம் வீட்டுக்கு வந்தேன்.

"மசாலா அரச்சு வச்சுகினு கீறேன், கொக்கு எங்க?" என்கிறாள் மனைவி.

பஸ்ஸை ஜெயித்தவனுக்கு யாராவது ஒரு பதில் சொல்லிக்கொடுங்கள்.