மூன்று தண்ணீரில் அலசிய பிளம்ஸ்

1. ஐப்பசியில் ஒரு நாள், குருநகர் மரியதாஸ் அண்ணை நான் வேலை செய்யும் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். வெளிநாட்டில் இருந்து பிளம்ஸ், அதாவது கேக்குக்குப் போடும் உலர்ந்த திராட்சை, இறக்கி விற்க என்னென்ன வேண்டும் என்று கேட்டார்.
2. நான் ஒரு தாளில் ஏழு விஷயங்களை எழுதிக் கொடுத்தேன்.
3. அவர் ஏழையும் ஒன்று விடாமல் செய்தார்.
4. கார்த்திகையில், அவருடைய இருபது பெட்டி பிளம்ஸும் விற்கத் தகாதவை என்று நான் அறிக்கை எழுதினேன்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஏதோ விடுபட்டிருக்கிறது, இல்லையா? அதை எழுதாமல் இருக்க இரண்டு கிழமை முயன்றேன். முடியவில்லை.

மரியதாஸ் அண்ணை கடல் தொழிலாளி. கடலுக்குப் போகத் தடை வந்ததில் இருந்து அவருடைய படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. கொழும்பில் இருக்கும் மச்சானின் உதவியோடு இறக்குமதிக்குப் பதிவு எடுத்தார். நத்தார்ப் பண்டிகை வருகிறது. குருநகரில் கேக் அடிக்காத வீடு உண்டா? கேக்குக்குப் பிளம்ஸ் இல்லாமல் முடியுமா? கணக்குச் சரிதான்.

"பிள்ளை, முதல் சாமான் பாஸாகினால்தான் பதிவு நிலைக்குமாம். படகு எஞ்சினை வித்துப்போட்டு நிக்கிறன். வடிவா எழுதித் தாங்கோ" என்றார்.

வடிவாகத்தான் எழுதினேன். எந்த நாட்டுப் பழம், பொதி செய்த திகதி, நிறை, பழுதாகாமல் இருக்கச் சேர்த்திருக்கும் மருந்து, இறக்குமதி செய்பவரின் விலாசம், தமிழில் லேபிள், நிலத்தில் படாமல் பலகையில் அடுக்குதல். ஏழு. எழுதி முடித்ததும் எனக்கே என் பட்டியலைப் பார்க்கப் பெருமையாக இருந்தது!

கொழும்பில் தாள்களைப் பார்த்து, பழத்தை யாழ்ப்பாணத்தில் சோதிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். லொறி வந்து மூன்றாம் நாள், சாம்பிள் எடுக்க நானும் சுகாதாரப் பரிசோதகரும் அண்ணையின் வீட்டுக்குப் போனோம்.

வளவுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முற்றம் முழுக்கப் புதுப் பனையோலைப் பாய்கள். பாய் முழுக்கப் பிளம்ஸ். வெறுமையான இருபது பெட்டிகளும் பலகையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் நான் சொன்னபடியே லேபிள். அண்ணையின் மனைவி பிலோமினா அக்காவும் அயலட்டைப் பெண்கள் நாலு பேரும் பழத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கோ தங்கச்சி, பாருங்கோ! கப்பலிலை எத்தினை நாள் கிடந்த சாமான். அப்பிடியே சனத்துக்குக் குடுக்கேலுமே? மூண்டு தண்ணியிலை அலசிப்போட்டுத்தான் காயவிட்டிருக்கிறம்."

"கழுவினனீங்களோ அக்கா?"

"பின்னை? மீனைக் கழுவாமல் காயப்போட்டால் என்ரை மாமி அண்டைக்கே என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பா!"

பெண்கள் சிரித்தார்கள். நான் ஒரு பழத்தை எடுத்து அழுத்தினேன். மெத்தென்று இருந்தது.

கருவாடு போடுகிற வீடுகளில் அதுதான் வழக்கம். வந்த சாமானை மூன்று தண்ணீரில் அலசாமல் பாயில் போடுவது மானக்கேடு. ஆனால் பிளம்ஸ் மீன் அல்ல. கழுவினால் பழத்தைக் காக்கிற கந்தகமும் மேலே தடவிய எண்ணெயும் போய்விடும். பழம் தண்ணீரைக் குடித்துவிடும். கார்த்திகை மாரியில் அது திரும்பக் காயுமா? அண்ணாந்து பார்த்தேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, இது பிழைச்சுப்போச்சு. கழுவக்கூடாது."

"அப்ப ஊத்தையோடை தின்னச் சொல்லுதோ உங்கடை சட்டம்?"

பரிசோதகர் மெல்ல என் பக்கம் குனிந்தார். "உந்த முற்றம் எங்கடை லாப்பை விடத் துப்புரவு" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்ற மரியதாஸ் அண்ணை சட்டைப் பையில் இருந்து என் தாளை எடுத்து விரித்தார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சரி போட்டிருந்தார்.

"பிள்ளை, கழுவக்கூடாது எண்டு இதிலை எங்கை கிடக்கு?"

எங்கும் இல்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றுகூட இல்லை. அதை யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று நினைத்திருந்தேன்… விதிகள் எல்லாம் ஏமாற்றுகிறவனை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன. கல் கலப்பான், நிறையில் குறைப்பான், திகதியை அழிப்பான் — அவன் தப்ப அங்கே வழி இல்லை. நல்லது செய்யப்போய்க் கெடுத்துக்கொள்கிறவளுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை.

சோதனையில் ஈரப்பதம் அளவைத் தாண்டியிருந்தது. நாலாம் நாள் சாம்பிள் போத்தலுக்குள் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்தது. முடிவில் சந்தேகமே இல்லை. சாப்பிட்டால் நோய் வரும். அவ்வளவையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அதற்காக நான் வருந்தவில்லை.

வருந்துவது வேறு ஒன்றுக்கு.

அறிக்கைப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'ஈரப்பதம் கூடுதல்' என்று இரண்டு சொல் எழுதினேன். உண்மைதான். ஆனால் கீழே இடம் இருந்தது. 'ஆலோசனை கேட்டு வந்தவருக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை' என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பயம்தான், வேறென்ன? வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு சொல்லைப் பார்த்த மேலிடம், கவனமில்லாத வியாபாரி என்று பதிவை நிறுத்திவிட்டது.

கவனமில்லாதவர்! ஏழு சரி போட்ட மனிதர்.

சென்ற கிழமை, விட்ட வரியையும் சேர்த்து மேலிடத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்பினேன். அதைச் சொல்லக் குருநகருக்குப் போனேன். மரியதாஸ் அண்ணை வீட்டில் இல்லை. பிலோமினா அக்கா கடிதத்தின் பிரதியை இரண்டு தரம் வாசித்தா.

"ஓம் தங்கச்சி, உண்மையைத்தான் எழுதியிருக்கிறியள். முந்தியே எழுதியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் சொன்னா.

கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. பதிவு நிறுத்தியபடியே இருக்கிறது. மரியதாஸ் அண்ணை மன்னாரில், வேறொருவருடைய மீன்வாடியில் கூலிக்கு நிற்கிறார்.