மூன்றாவது மணிக்குள்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போர்டுக்கு முன்னால் உட்காருகிறவளுக்கு முகம் கிடையாது, பெயர் கிடையாது; தலையில் ஒரு ஹெட்செட், கழுத்தில் ஒரு தொண்டை, அவ்வளவுதான் சொத்து.

வெளியூருக்கு டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு, குளிக்கப் போகாமல், சாப்பிடப் போகாமல், போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த புண்ணியவான்களே, புண்ணியவதிகளே! உங்களைக் காக்கவைத்தவர்களில் நானும் ஒருத்தி. பெயர் ஜெபா, ஊர் நாசரேத், வயது பத்தொன்பது, வேலை தூத்துக்குடியில். கடைசியில் உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன், சத்தியமாக. ஆனால் இப்போது கிடையாது. புக் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். லைன் கிடைத்ததும் நானே கூப்பிடுகிறேன்.

இரண்டு இருமல்

எங்கள் போர்டில் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சின்னத் தகடு உண்டு. வீட்டில் போனை எடுத்தால் இங்கே அந்தத் தகடு விழும். "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, கயிற்றைச் சொருகி, மணியைத் தட்டி, இணைத்துவிட வேண்டும். வெளியூர்க் கால் என்றால் ஒரு கண் கடிகாரத்தில் இருக்க வேண்டும். மூன்று நிமிஷம் ஆனதும் குறுக்கே புகுந்து, "மூணு நிமிஷம் முடிஞ்சுது, எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்று கேட்டாக வேண்டும். தூக்கத்தில்கூட இதைச் சொல்கிறேனாம். ஹாஸ்டலில் பக்கத்துப் பாய்க்காரி சாட்சி.

அலுப்புத் தட்டினால் நான் குரல் மாற்றுவேன். கப்பல் கம்பெனி மானேஜர், உப்பள முதலாளி, சர்ச்சில் மணியடிக்கிற கோயில் குட்டியார், யார் வேண்டுமானாலும் என் தொண்டைக்குள் வந்து போவார்கள். ஒரு நாள் எங்கள் சூப்பர்வைசர் அம்மா மாதிரி இரண்டு இருமல் இருமிவிட்டு, பக்கத்துப் போர்டு கோமு அக்காவின் லைனில், "கோமதி, நேத்து டிக்கெட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வா" என்றேன். யார் எந்த ஊருக்குப் பேசினார்கள் என்று எழுதும் சீட்டுக்குத்தான் டிக்கெட் என்று பெயர். அக்கா ஒரு கட்டுச் சீட்டோடு ஓடினாள். ஓடிய வேகத்தில் திரும்பியும் வந்தாள். பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் அம்மா வேறு யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார்: "ஏளா ஜெபா, ஒரு நாள் இந்தத் தொண்டை உன்னைய எங்கனயாவது கொண்டுபோய் மாட்டிவிடும், அன்னைக்கு என் குரல்ல கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் குரல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் தகடு விழுந்தது. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கும் ஒருவருடைய வீடு அது. பெண் குரல். "போலீஸ் ஸ்டேஷன் குடுங்க." எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சைக்கிளைக் காணோம், கோழியைக் காணோம் என்று வருகிறவர்களிடம் இன்ஸ்பெக்டராகக் கொஞ்சம் விளையாடிவிட்டு, அப்புறம் நிஜ ஸ்டேஷனுக்குக் கொடுப்பது என் வழக்கம். கயிற்றைச் சொருகுவதுபோல் ஒரு சத்தம் காட்டினேன். தொண்டையைத் தடிப்பாக்கினேன். "ஸ்டேஷன்தான். என்ன விஷயம்?"

"அடிக்காருய்யா. என் வீட்டுக்காரர். இன்னைக்கு வாயெல்லாம் ரத்தம்."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை, பழகிய தடத்திலேயே ஓடிவிட்டது. "புருஷன் பொஞ்சாதி சண்டைக்கெல்லாம் ஸ்டேஷனா? அவரையும் கூட்டிக்கிட்டு நேர்ல வாம்மா, பேசி அனுப்புதேன்." அந்தப் பெண் கோபமே இல்லாமல் சொன்னாள்: "போன மாசம் வந்தப்பவும் நீங்க இதையேதான்யா சொன்னிய."

மணி பிசகாத மனுஷன்

நிஜ ஸ்டேஷனுக்குக் கொடுப்பதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுக ஆபீஸிலிருந்து வீட்டுக்கு அவள் புருஷன் பேசுவார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு, மணி பிசகாது. ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போவார். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். கேட்டேன்.

"மூணாவது மணிக்குள்ள எடுக்கணும்னு சொல்லியிருக்கேன்ல?" "மன்னிச்சிக்கிடுங்க, கொல்லையில நின்னேன்." "யாரு வந்தா?" "யாரும் வரல." "சரி. வந்து பேசிக்கிடுதேன்." அவ்வளவுதான். மனுஷன் குரலை உயர்த்தவே இல்லை. ஊரிலுள்ள குரலையெல்லாம் சொல்லிப் பார்க்கிற நான் 'வந்து பேசிக்கிடுதேன்' என்பதை மட்டும் சொல்லிப் பார்க்கவில்லை. பக்கத்துப் போர்டில் கோமு அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்: "கட்டுனா இப்படி ஒரு மாப்பிள்ளையக் கட்டணும்ளா, மணிக்கொரு தரம் பொஞ்சாதிய விசாரிக்காரு பாரு!"

டைரக்டரியில் இல்லாத நம்பர்

டைரக்டரியின் முதல் பக்கத்தில் தீயணைப்புக்கு நம்பர் இருக்கிறது, ஆம்புலன்ஸுக்கு இருக்கிறது, ரயில் எப்போது வரும் என்று கேட்கவும் இருக்கிறது. வீட்டுக்குள் அடிபடுகிறவள் கூப்பிட ஒரு நம்பர்? கடைசி அட்டைவரை புரட்டினேன். இல்லை. ஒரு நாள் அவருடைய பத்து மணிக் கால் முடிந்த கையோடு நானே நானூற்றுப் பன்னிரண்டைக் கூப்பிட்டு, "எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பேசுதேன், பயப்படாதிய" என்றேன். அவள் பெயர் ரெஜினா. அம்மா வீடு புன்னைக்காயல். இரண்டு தடவை அங்கே ஓடியிருக்கிறாள். இரண்டு தடவையும் கூடப்பிறந்த அண்ணனே திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டான்.

லைன் சும்மா கிடந்த நேரமெல்லாம் தேடினேன். ஒரு வக்கீல், "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஒரு மாதர் சங்கத் தலைவி தையல் மிஷின் வாங்கித் தருவதாகச் சொன்னார். எங்கள் சபை பாஸ்டர் ஜெபம் பண்ணுவோம் என்றார். போனிலேயே பண்ணினார், மூன்று நிமிஷத்துக்கு மேலேயே பண்ணினார். கடைசியில் ஆஸ்பத்திரி போர்டில் இருக்கும் ஒருத்திதான், கட்டுப் போட வருகிற பெண்களில் சிலர் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போவதாகச் சொன்னாள். அந்த வார்டனம்மாவின் குரல் அரிவாள் தீட்டுகிற மாதிரி இருந்தது. ரெஜினாவின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொன்னாப் போதாது, அவ வாயால வாரேன்னு சொல்லணும், சொல்லிட்டா கதவு திறந்திருக்கும், தேடி எவன் வந்தாலும் அப்படி ஒரு ஆளே இங்கன இல்ல."

கால் ரெடி

நீங்கள் காத்திருந்து பழகியவர்கள், உங்களுக்கே தெரியும். டிரங்க் கால் புக் பண்ணினால் நாங்கள் டிக்கெட் எழுதி வைப்போம். லைன் கிடைத்ததும் புக் பண்ணிய வீட்டுக்கு மணியடித்து, "உங்க கால் ரெடி" என்போம். ரெஜினாவே வார்டனம்மாவிடம் பேசட்டும் என்று ஒரு நாள் பத்தே காலுக்குப் பாளையங்கோட்டைக்கு டிக்கெட் போட்டேன். அன்று பார்த்து லைன் கிடைக்கவே இல்லை. அவள் புருஷன் சாப்பிட வருகிற ஒரு மணிக்குள் கிடைக்காவிட்டால் கிழித்துப் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். பசி வந்தது, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். டிக்கெட் போர்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தால் கோமு அக்கா பேசிக்கொண்டிருக்கிறாள்: "ஆமா அண்ணாச்சி, உங்க வீட்டுக்குத்தான், பாளையங்கோட்டை கால் ரெடி." மணி ஒன்று பத்து. ஹெட்செட்டைப் பிடுங்கி, வாயில் வெற்றிலையை அதக்கிய கிழவர் குரலில், "ஏலே முருகேசா! அரிசி மூட்டைய ஏத்துனியாலே, இல்லியாலே?" என்று கத்தினேன். "இது மண்டி இல்ல" என்றார் ரெஜினாவின் புருஷன். "மண்டி இல்லன்னா நீ ஏம்லே போனை எடுத்த?" நானே பாளையங்கோட்டைக் கயிற்றைப் பிடுங்கிவிட்டு, என் சொந்தக் குரலில், தப்பான நம்பருக்குக் கொடுத்துவிட்டோம் என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இன்னொரு தடவ இங்கன தப்பா மணி அடிச்சா நேர்ல வருவேன், வீட்ல இருக்கவகிட்டயும் இப்ப அதைத்தான் பேசப்போறேன்."

அரை நிமிஷக் கால்

இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு தகடும் விழவில்லை. அவருடைய கால்களுக்கு மட்டும் அவள் எடுத்தாள். குரல் ஒரு பக்கமாக வீங்கியிருந்தது. குரல் வீங்குமா என்று கேட்காதீர்கள், போர்டில் உட்கார்ந்தால் தெரியும். மூன்றாம் நாள் வரிசையை மாற்றினேன். முதலில் பாளையங்கோட்டை லைனைப் பிடித்து வார்டனம்மாவை நிறுத்தி வைத்துக்கொண்டு, பத்து மணிக் கால் முடிந்ததும் ரெஜினாவுக்கு மணியடித்தேன். "நாளைக்கு வாரேம்மா" என்றாள். "வா" என்றார் வார்டனம்மா. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

வார்டனம்மா வைத்ததும், "பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டு நான் எடுக்கலன்னா, பஸ் இங்கன பக்கத்துல இருக்க புதுக்கோட்டையத் தாண்டுததுக்குள்ள ஜீப்பைப் போட்டுப் பிடிச்சிடுவாரு" என்றாள் ரெஜினா. சமாதானம் சொல்ல வந்த வாயில் உண்மை வந்துவிட்டது. "அன்னைக்கு இன்ஸ்பெக்டரா பேசுனது நான்தான்" என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப என் குரலும் உங்களுக்கு வருமா?" என்றாள். வரும் என்றேன். சமையல் குறிப்புச் சொல்வதுபோல் சொன்னாள்: "ரெண்டாவது மணி முடிஞ்சதும் எடுங்க, என்ன கேட்டாலும் முதல்ல மன்னிச்சிக்கிடுங்கன்னு சொல்லுங்க, பதில் அதுக்குப் பெறவு, அவ்வளவுதான் நான்."

பதினொன்று, பன்னிரண்டு

மறுநாள் பத்து மணிக் காலை அவளே எடுத்தாள். பத்தே காலுக்கு வீட்டிலிருந்து கிளம்பினாள். பதினொன்றுக்குத் துறைமுகத் தகடு விழுந்தது. "நானூத்திப் பன்னெண்டு." ஆளில்லாத வீட்டுக்கு நான் எங்கே கொடுப்பது? மணியை இரண்டு தடவை தட்டிவிட்டு, நானே, "ம்... சொல்லுங்க" என்றேன். குரலை நடுங்கவைக்கச் சிரமமே இல்லை, அது தானாகவே நடுங்கியது. "என்ன செய்யுத?" "மன்னிச்சிக்கிடுங்க, துணி துவைச்சேன்." வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் சூப்பர்வைசர் அம்மா நிற்கிறார். வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் ரெஜினாவின் பாளையங்கோட்டை டிக்கெட்டைப் போர்டிலிருந்து எடுத்து, நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் போர்டில் விழுந்த மற்றத் தகடுகளைத் தானே பார்க்க ஆரம்பித்தார்.

பன்னிரண்டு. "என்ன கொழம்பு?" இதை அவள் சொல்லித் தரவில்லை. "மன்னிச்சிக்கிடுங்க, சாளை." "காலையில நான் வாங்கியாந்தது நெத்திலி." "மன்னிச்சிக்கிடுங்க, நெத்திலிதான், வாய் தவறிப்போச்சு." அவர் சிரித்தார். சந்தோஷமாகவே சிரித்தார். "பயந்தா உனக்கு மீன் பேரு கூட மறந்துபோவுது, என்ன?" அந்தச் சிரிப்பில் நான் ரெஜினாவாகவே ஆகிவிட்டேன், அடுத்த அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, நாற்காலியில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அவர் விடவில்லை. யார் வந்தா, எந்தச் சேலை கட்டியிருக்க, ஜன்னல் சாத்தியிருக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன்.

அப்போது கோமு அக்காவின் போர்டில் பாளையங்கோட்டைத் தகடு விழுந்தது. வார்டனம்மா எனக்குச் சொன்ன சேதியை அக்கா கேட்டாள். முகம் மாறிற்று. ஹெட்செட்டைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள்: வந்துட்டாளாம். எனக்கு உடம்பிலிருந்த கட்டெல்லாம் அவிழ்ந்தது. கண் தன் பாட்டுக்குக் கடிகாரத்துக்குப் போயிற்று. ரெஜினாவின் குரலில், அதே நடுக்கத்தோடு, அதே மரியாதையோடு நான் அவரிடம் கேட்டேன்: "மன்னிச்சிக்கிடுங்க, மூணு நிமிஷம் முடிஞ்சுது, எக்ஸ்டென்ஷன் வேணுமா?"

கம்பிக்குள் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். கோமு அக்கா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். சூப்பர்வைசர் அம்மா இருமினார், நிஜ இருமல். முதல் தடவையாக அந்த மனுஷனின் குரல் உயர்ந்தது, உயர்ந்ததில் உடைந்தது: "ஏளா... நீ யாரு?"

உங்கள் கால் ரெடி. இதற்குத்தான் இத்தனை நேரம் காக்கவைத்தேன், இனி சிரிப்பதும் சிரிக்காததும் உங்கள் மூன்று நிமிஷம்.