வயிற்றுக்குள் வைத்துத் தைத்த துணி

ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் நகரிப் பக்கத்து ஊர்களில் எது இங்கே, எது மெட்ராஸுக்கு என்று எல்லை பேசிக்கொண்டிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் பார வண்டி குடைசாய்ந்து, நுகத்தடி என் வீட்டுக்காரரின் வலது விலாவில் இடித்துவிட்டது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டால் சரியாகிவிடும் என்றார்கள். ஆனால் அவர் முகம் வெளுத்து, உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்ததும் இது நீவி ஆறுகிற அடியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சித்தூர் மண்டிக்கு வெல்லம் ஏற்றிப்போன லாரியை மறித்து, மூட்டைகளின் மேல் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். துணைக்கு வந்தவர் அவருடைய அண்ணன், என் மூத்தார்.

எங்கள் வழக்கத்தில் தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து ஒதுங்கிவிட வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மாமியார் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். மாமியார் வீட்டில் இல்லாத நேரத்தில் நான் எருமையிடம் பேசுவேன். "வைக்கோல் தீந்துபோச்சு, யாருனா கொண்ணாந்து போட்டா தேவல" என்பேன். எருமை பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டிருக்கும். சாயந்தரத்துக்குள் வைக்கோல் வந்து இறங்கிவிடும். கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் குடித்தனம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைத் திறந்தார்கள். ரத்தம் வேண்டுமென்றபோது யோசிக்காமல் கையை நீட்டியவர் மூத்தார்தான். ஊசியைக் கண்டாலே ஓடுகிற ஊர் எங்களுடையது. தம்பி கண் விழித்ததைப் பார்த்த பிறகு, மாடு கன்றைக் கவனித்துவிட்டு வருவதாக ஊருக்குப் போனார்.

அவர் இல்லாத நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். அவர் தெலுங்குக்காரர். நான் பாகாலாவில் வளர்ந்தவள், தெலுங்கு எனக்குத் தண்ணி பட்ட பாடு. கல்லீரல் பிளந்து, அதற்குள் ஓடுகிற ரத்தக்குழாய்கள் அறுந்திருக்கின்றன என்றார். கைக்கு எட்டியதைக் கட்டிவிட்டார்களாம். பின்பக்கத்திலிருந்து ஊறுகிற ரத்தம் மட்டும் தையலுக்கு அகப்படவில்லையாம். அதனால் நீளமான துணியை அழுத்தி அடைத்து, வயிற்றை மூடி வைத்திருக்கிறார்கள். ரத்தம் நன்றாக நின்ற பிறகு மறுபடியும் திறந்து அதை எடுக்க வேண்டும். எடுக்கும்போது திரும்பவும் ரத்தம் பீறிடலாம். எடுக்காமலே விட்டால் சீழ் பிடிக்கும். அதுவரை ஆளை அசைக்கவே கூடாது, அசைத்தால் தப்பிக்கமாட்டார் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் மூத்தார் வந்தார். நான் வழக்கம்போல எழுந்து ஒதுங்கி, டாக்டர் சொன்னதையெல்லாம் பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த அம்மாளிடம் சொல்லி, அவரிடம் சொல்லச் சொன்னேன். அந்த அம்மாள் சொன்னாள். ஆனால் அவளுக்கு நினைவிருந்தது பாதிதான். "துணிய உள்ள வெச்சித் தெச்சிட்டாங்களாம், அத எடுக்க மறுபடியும் அறுக்கணுமாம்" என்று முடித்துவிட்டாள்.

மூத்தாருக்கு வந்ததே கோபம்! "மறந்துபோயி துணிய உள்ள வுட்டுட்டு, இப்ப மறுபடியும் அறுக்கறானுங்களா? நம்ம ஊரு மெட்ராஸ் பக்கம் போவப்போவுதுன்னு இவனுங்களுக்கு எளக்காரம். செத்தாலும் எங்க ஊர்ல சாவட்டும்" என்று கத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்குப் போய் ஒரு வண்டியைப் பேசி, வண்டிக்காரனையும் உள்ளே அழைத்துவந்துவிட்டார். டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். நர்சம்மா தடுத்ததை அவர் காதிலேயே வாங்கவில்லை.

நான் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன், சுவரைப் பார்த்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்? வண்டிக்காரன் கால்மாட்டில் கையைக் கொடுத்துவிட்டான். என் வீட்டுக்காரர் முனகினார். அந்த முனகலைக் கேட்டதும் என் முக்காடு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. மூத்தார் எதிரில் போய் நின்று, அவர் முகத்தைப் பார்த்தே பேசினேன்.

"மாமா, தொடாதீங்க! அது மறந்து வுட்ட துணி இல்ல, ரத்தத்த நிறுத்த அடைச்ச துணி. போன மழையில ஏரிக்கர ஒடைஞ்சப்போ நீங்கதான வைக்கோல் பிரியும் மண்ணு மூட்டையும் வெச்சி அடைச்சீங்க? தண்ணி வடியறதுக்குள்ள யாருனா அதப் புடுங்கினா வுட்டிருப்பீங்களா?"

அவர் என்னை முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். தம்பியின் தோளுக்கடியில் கொடுத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, வண்டிக்காரனைப் போகச் சொல்லிவிட்டு, வராந்தாவில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பேன். மறுநாள் காலை டாக்டர் வந்து, துணியை எடுக்க வேண்டும் என்று சம்மதம் கேட்டார். மூத்தார் நேராக என்னிடம் வந்தார்.

"நீ என்னாம்மா சொல்ற? எடுக்கட்டுமா?"

பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அதுவரை என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. மாப்பிள்ளை பார்த்தபோதும் கேட்கவில்லை. முதல் முதலாகக் கேட்டது ஓர் உயிர் விஷயத்தில். ரத்தம் பீறிட்டு அவர் போய்விட்டால் காலத்துக்கும் இது என் சொல்லால் வந்தது என்றாகிவிடும். முந்தின நாள் நிமிர்ந்து பேசிய நான் அன்றைக்குப் பயந்துபோனேன். தூணைப் பிடித்துக்கொண்டு, "எடுக்கட்டும் மாமா" என்றேன்.

அறைக்கு வெளியே மூத்தார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் காத்திருந்தோம். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ரக்தம் ராலேதம்மா" என்றார். ரத்தம் வரவில்லை. மூத்தார் சின்னப் பிள்ளைபோல விசும்பி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. தூணை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

காய்ச்சல், சீழ் என்று படாத பாடு பட்டுத்தான் என் வீட்டுக்காரர் வீடு திரும்பினார். அதற்குப் பிறகு நெடுங்காலம் என்னோடு வாழ்ந்தார். இன்றைக்கும், நமக்கெதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொள்ளத் தோன்றும்போதெல்லாம், அந்தக் கட்டிலில் அவர் முனகியது என் காதில் விழுகிறது, பயத்தோடேயே பேசிவிடுகிறேன்.