ராக்கு அக்காவுக்கு நான் மோந்து கொடுத்த தண்ணி

ராக்கு அக்காவப் பத்தி யாரும் நல்லதா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்ல. வாய்த்துடுக்கு, பிடிவாதம், மலைக்காரத் திமிரு, இதுதான் அவளுக்குக் கிடைச்ச பேரு. அவகூட எதிர எதிர உக்காந்து ஆறு வருசம் ஏலக்காய் பொறுக்குனவ நான், முத்துப்பேச்சி. நான் சொல்றதையும் கேட்டுக்கங்க. கேட்டுட்டு என் மூஞ்சியில காறித் துப்புனாலும் சரி.

அவளுக்குச் சொந்த ஊரு மலையில இருக்குற குரங்கணி. இருபது வருசம் கேரளாப் பக்கம் எஸ்டேட்டுல காய் எடுத்தா. ஒருநா வேலைக்குப் போன ஜீப்பு வளைவுல கவுந்து இடது முட்டி போச்சு. அதுக்குப் பெறகு மேடேற முடியாது, சேந்தாப்புல நிக்க முடியாது. புருசன் முன்னமே போய்ச் சேந்துட்டான், பிள்ளை குட்டி கிடையாது. உக்காந்து செய்யிற சோலின்னு போடியில அவளுக்குக் கிடைச்சது ராஜாராம் முதலாளியோட கொடவுன் ஒண்ணுதான். அது போனா கஞ்சிக்கு வழி இல்ல. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், முதலாளிக்கு ரொம்ப நல்லாத் தெரியும்.

எஸ்டேட்டுப் பழக்கத்துல தண்ணிய வெள்ளம்னுதான் சொல்லுவா. அதுக்கு நாங்க பண்ணாத கேலி இல்ல.

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பணும்னா தீயணைக்கிற ஏற்பாடு வேணும்னு, கூரை பூராவும் செவப்புக் குழாய் போட்டாங்க. தீப்பிடிச்சா அதுவே பூவாளி மாதிரிக் கொட்டுமாம். அதுக்குன்னு பின்னாடி ஒரு தொட்டி கட்டி, லாரியில கண்மாய்த் தண்ணியக் கொண்டாந்து ஊத்துனாங்க. தீய அவிக்கிறதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன? அது கொறஞ்சா உதவட்டும்னு நாங்க குடிக்கிற முனிசிபாலிட்டிக் குழாயையும் அதோட சேத்தாங்க. சேர்ற எடத்துல ஒரு வால்வு. நல்ல தண்ணி அந்தப் பக்கம் போகலாம், அந்தத் தண்ணி இந்தப் பக்கம் வரக்கூடாது. வரப் பாத்தா உள்ள இருக்குற பித்தளைத் தட்டு டங்குன்னு விழுந்து வழிய அடைச்சுக்கும். இதையெல்லாம் ஃபிட்டர் சுருளி அண்ணன் பின்னாடிதான் எனக்கு விளக்கிச் சொன்னாரு. சொல்ல வேண்டிய நேரத்துல வாயத் தொறக்கல பாவி மனுசன்.

அந்த டங்கு முதலாளிக்கு ஆகல. செவப்புக் குழாய்க்குத் தண்ணி ஏத்துற மோட்டாரப் போட்டு நிறுத்துறப்பல்லாம் மாடியில அவரு ரூம்புச் சுவரே அதிருதாம், போன்ல காய் ரேட்டு கேக்க முடியலையாம். சத்தத்த நிறுத்துன்னாரு. சுருளி அண்ணன் வால்வைக் கழத்தி, தட்டை உருவிட்டு, வெறுங்கூட்ட மறுபடி மாட்டிட்டாரு. சத்தம் நின்னுபோச்சு.

பத்து நாளுல ராக்கு அக்கா டம்ளரக் கீழ வச்சுட்டா. இது குடிக்கிற வெள்ளம் இல்ல, எங்கிட்டோ தேங்கிக் கெடந்த வெள்ளம்னா. மோட்டாரு ஓடுன பெறகு வர்றதுதான் நாறுதுன்னு அதையும் கண்டுபிடிச்சுச் சொன்னா. பாசி வாடையும் துருவும் எங்களுக்கும் தெரியத்தான் செஞ்சுச்சு, ஏன் பொய் சொல்லணும்? ஆனா புகார் கிகார்னு போச்சுன்னா கொடவுன இழுத்துப் பூட்டிருவேன், அம்புட்டுப் பேரும் வீட்டுல கெடங்கன்னு முதலாளி ஒரு சத்தம் போட்டாரு. நாப்பது பொம்பளைக வாயும் ஒட்டிக்கிருச்சு.

மறுநா அவ வீட்டுல இருந்து பாட்டில்ல தண்ணி கொண்டாந்தா. முதலாளி கண்ணுல பட்டுருச்சு. என் தண்ணி என்ன விசமான்னு கேட்டு, பாட்டிலப் பிடுங்கி வாசல்ல கவுத்தினாரு. பெறகு என்னையக் கூப்பிட்டாரு.

"பேச்சி, ஒரு டம்ளர் மோந்து கொடு. குடிச்சா உக்காந்து வேலை பாக்கட்டும். இல்லாட்டி இப்பவே கெளம்பட்டும்."

மோந்தேன். லேசாப் பழுப்பா இருந்துச்சு. ராக்கு அக்கா டம்ளரப் பாக்கல, என் மூஞ்சியத்தான் பாத்தா. ஆமா முதலாளி, தண்ணி சரியில்லன்னு நான் ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம். நான் சிரிச்சேன். நான் சிரிக்கவும் எல்லாரும் சிரிச்சாளுக. அவ ஒரே மடக்குல குடிச்சுட்டுக் காய் பொறுக்க உக்காந்துட்டா.

அன்னையிலருந்து அது ஒரு வெளையாட்டாவே போச்சு. காலையில பதினோரு மணியானா முதலாளி மாடிப்படியில வந்து நிப்பாரு. அக்காவுக்கு வெள்ளம் கொடுங்கடின்னு எவளாவது கத்துவா. நான் மோந்து கொடுப்பேன்.

இப்ப வெக்கத்த விட்டு ஒண்ணு சொல்றேன். அவ குடிச்ச மறுநாளே நான் வீட்டுத் தண்ணி கொண்டுவர ஆரம்பிச்சுட்டேன். சோத்துப் பையில, தூக்குச் சட்டிக்கு அடியில துணியச் சுத்தி ஒரு பாட்டில். ஒரு வாரத்துல பாத்தா எல்லா பையிலயும் பாட்டில் இருக்கு. எவளும் எவகிட்டயும் வாய விடல. சாப்பிட நாங்க பின்கட்டுக்குப் போயிருவோம். முட்டி வலியில அவ உக்காந்த எடத்துலேயே சாப்பிடுவா, அதனால அவளுக்குத் தெரியாது. எங்க பையத் தடவிப் பாக்க ஆள் இல்ல, அவ பைய மட்டும் தெனமும் ஒதறிப் பாத்தாங்க.

ரெண்டு மாசத்துல அவளுக்குக் காய்ச்சல் கண்டு, கண்ணு மஞ்சளாச்சு. தேனி பெரியாஸ்பத்திரியில சேத்தாங்க. கெட்ட தண்ணியால வந்தது, ஈரலு ரொம்பக் கெட்டுப்போச்சுன்னாரு டாக்டரு. மலையில இருந்து வாங்கிட்டு வந்த சீக்குன்னாரு முதலாளி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நாங்களும் ஆமான்னு தலையாட்டுனோம்.

அந்த வாரம் செவப்புக் குழாயச் சோதிக்க ஒரு ஆபீசர் வந்தாரு. வால்வைத் தொறந்து, உள்ள இருந்த தட்டு எங்கன்னு கேட்டாரு. சுருளி அண்ணன் மாடிக்கு ஓடி எடுத்தாந்தாரு. முதலாளி மேசையில பேப்பர் பறக்காம இருக்க வச்சிருந்த பித்தளை வில்லை. அந்த ரூம்பக் கூட்டுறவ நாந்தேன். தெனமும் முந்தானையால தொடச்சு, அதே எடத்துல வச்சிருக்கேன்.

எல்லாத்தையும் சொல்லிப்புடணும்னு அன்னைக்கே சோத்துப் பையோட கொடவுன்ல இருந்து நேரா தேனிக்குப் பஸ் ஏறுனேன். ஆஸ்பத்திரியில அக்கா மஞ்சக் கெழங்காட்டம் கெடந்தா. நான் வாயத் தொறக்குமுன்ன அவளே பேசுனா.

"பேச்சி, நீங்களும் அதத்தான குடிச்சீக, உங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப வெள்ளத்துல தப்பில்ல, நாந்தேன் கூடப் பேசிட்டேன். முதலாளிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு. திரும்பி வந்தா என் எடத்துல உக்காரவிடுவாரான்னும் கேளு."

குடிக்க வெள்ளம் கொடுன்னா. நான் எதையும் யோசிக்கல. பையில கைய விட்டு, துணிய அவுத்து, அவ தலையத் தூக்கி வாயில ஊத்துனேன். ஒரு மடக்கு வாங்குனா. வாயிலயே கொஞ்ச நேரம் வச்சிருந்து முழுங்குனா. பாட்டிலப் பாத்தா, அவுத்த துணியப் பாத்தா, என் சோத்துப் பையப் பாத்தா.

"இது வீட்டு வெள்ளம்ல," அப்படின்னா. "எத்தன நாளாக் கொண்டுவர்ற?"

பாட்டில் பிடிச்சிருந்த என் கையத் தள்ளிவிட்டுட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நான் கெளம்புற வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பல. மூணாம் நாள் போயிட்டா.