முதலில் எதிராளியின் நியாயம்

நேற்று தண்ணீர் லாரியில் நடந்த கூத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? உங்களைப் பக்கத்து வீட்டுக்காரராக நினைத்துத்தான் சொல்கிறேன். எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள், வரிசையில் தன் குடத்தை நகர்த்திவிட்டேன் என்று என்னைக் கிழி கிழியென்று கிழித்தாள். நான் நிதானமாக அவள் நியாயத்தையே எடுத்துச் சொன்னேன். "இன்னா ஆயா, நீ யாரு கட்சி?" என்றாள்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்த கதையைத்தான் பேத்தியை உட்கார வைத்து எழுதச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. பேசச் சொன்னால் பொழுது விடியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், கோடையில், இதே திருவொற்றியூரில் நடந்தது. எங்கள் தெருக் கோடியில் ஒரு புரொபசர் தனியாகக் குடியிருந்தார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர், புத்தகமெல்லாம் போட்டவர். ஓய்வு பெற்றதும் இங்கே வந்து, மீன் விற்கிறவர்களுக்கும் கம்பெனி ஆட்களுக்கும் சாயங்காலப் பள்ளி வைத்தார். "இன்னா வேல பாத்தே வாத்யாரே?" என்று ஒருநாள் கேட்டேன். "மனுஷன மனுஷனா மதிக்கிறது எப்படின்னு யோசிக்கிற வேலைம்மா" என்றார். "அதுக்கு சம்பளம் வேற குட்த்தானுங்களா?" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது.

அவர் நடத்திய பெரிய வகுப்பு தண்ணீர் லாரியில்தான். சண்டை வந்தால் நடுவில் வந்து நிற்பார். "முதல்ல அவங்க நியாயத்த நீ சொல்லு. 'ஆமா, இதான் என் நியாயம்'னு அவங்க ஒத்துக்கணும். அப்புறம் உன்னோடத சொல்லு" என்பார். ஆரம்பத்தில் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எதிராளி மாதிரியே இடுப்பில் கை வைத்துப் பேசிக் காட்டுவோம். பாதியில் கோபம் எங்கே போனது என்றே தெரியாது.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். தான் செத்தால் சடங்கு வேண்டாம், உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எங்களிடம் உறுதி வாங்கியிருந்தார். "இவ்ளோ நாள் வாயால பாடம் எடுத்தேன். இனிமே உடம்பு எடுக்கட்டும்." அந்தக் கல்லூரியிலும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒரு விடியற்காலை தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். தகவல் சொன்னோம், மத்தியானம் கல்லூரி வண்டி வந்தது. அதே நேரத்துக்குச் சேலத்திலிருந்து அவருடைய தம்பி மகனும் வந்து சேர்ந்தார். நெருங்கிய சொந்தம் அவர்தான், அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி எடுக்கும். அவரோ முடியவே முடியாது, கொள்ளி வைத்துக் காரியம் செய்யாமல் விடமாட்டேன் என்று நின்றார். இது போதாதென்று, எங்கள் தெருப் பையன்கள் வேறு பாசத்தில் பூப்பல்லக்கு, மேளம், வெடி எல்லாம் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

நான் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். "உடம்பால கடைசிப் பாடம் எடுக்கணும்னாரு, வாக்கு குட்த்துக்கீறோம். என்ன தாண்டித்தான் தூக்கினு போவணும்" என்று கத்தினேன். அவரும் கத்தினார். நான் கத்தக் கத்த அவர் பிடிவாதம் இறுகியது. "சீக்கிரம் முடிவு சொல்லுங்கம்மா" என்று வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உள்ளே அந்த மனுஷன் கண்ணாடி இல்லாமல் படுத்திருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். சட்டென்று தண்ணீர் லாரி ஞாபகம் வந்தது. எழுந்து தம்பி மகன் எதிரில் போய் நின்றேன்.

"நைனா, முதல்ல உன் நியாயத்த நான் சொல்றேன். கரீட்டா கீதான்னு நீயே சொல்லு. உன்ன படிக்க வெச்சது உங்க பெரியப்பா. திருப்பிச் செய்ய உனுக்குக் கெடச்சது இந்த ஒரு காரியந்தான். இத்தயும் செய்யாம ஊருக்குப் போனா, அனாதப் பொணம் மாதிரி ஆஸ்பத்திரில தள்ளிட்டு வந்துட்டான்னு பேசுவாங்கோ. அதான உன் பேஜாரு?"

அவர் முகம் அப்படியே உடைந்தது. "ஆமா ஆயா, அதேதான்" என்று தேம்பினார்.

"இப்ப என் நியாயத்த நீ சொல்லு."

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவர் ஆசைப்பட்டத நீங்க செய்யணும்... அவர் கடைசிப் பாடம் எடுக்கணும்..." வண்டிக்காரரைப் பார்த்துக் கையை நீட்டினார். "பேனா குடுங்க."

பையன்கள் தலையைச் சொறிந்தார்கள். "அப்ப மேளத்த ரிட்டன் அனுப்பிடலாமா ஆயா?"

தம்பி மகன்தான் பதில் சொன்னார். "எதுக்கு? சடங்குதானே வேணாம்னாரு. மேளம் வேணாம்னு சொல்லலையே. அடிங்கப்பா. அவரு அனாதையான்னு ஊரு வந்து பாக்கட்டும்."

அடித்தார்கள் பாருங்கள் ஒரு அடி! சாவுக்குத் தெருமுனையோடு நின்றுவிடுகிற பொம்பளைகள் நாங்கள் அன்றைக்கு நிற்கவில்லை. மெயின் ரோடு வரைக்கும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தோம். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நடந்தோம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய சந்தோஷம் அது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது.

எழுத்து என் கைக்கு வரவில்லை, வராமலே போகட்டும். அடுத்தவர் நியாயத்தை என் வாயால் சொல்கிற இந்தப் படிப்பை மட்டும் சாகிறவரை விடுவதாக இல்லை.

அடடா, லாரி ஹாரன் அடிக்கிறது! எழுதியது போதும் கண்ணு, அந்தப் பச்சைக் குடத்தை எடு. எதிர் வீட்டுக்காரி எனக்கு முன்னால் போய் நின்றிருப்பாள். இன்றைக்கு என் நியாயத்தை அவளைச் சொல்ல வைக்காமல் வீடு திரும்ப மாட்டேன்.